டீச்சர் வண்டியில் ஒரு நடுக்கம்

மனைவி இறந்த பிறகு மூத்தவர் பட்டறைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே டீச்சரின் வண்டி மறுபடி வந்து வாசலில் நின்றது.

பட்டறை அண்ணன் தம்பி இருவருடையது. யாரும் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணன் மூத்தவர், தம்பி சின்னவர். சின்னவருக்கே மீசை நரைத்துவிட்டது, ஆனாலும் அவர் சின்னவர்தான். என்ஜின் வேலை, பிரேக் வேலை, வருகிறவர்களிடம் வாய் கொடுத்துச் சமாளிக்கிற வேலை எல்லாம் அவருக்கு. கியர்பாக்ஸ் என்றால் மட்டும் மூத்தவர் கைக்குத்தான் போகும்.

டீச்சர் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தன் வண்டியில் பழகுகிறவர்கள் கியர் போடுவதில்லை, கியரோடு மல்லுக்கு நிற்கிறார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த மல்லுக்கட்டில் கியர்பாக்ஸ் உள்ளே பல் உடைந்து போனது. காயலான் கடையில் கிடந்த ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி வந்து, அண்ணனும் தம்பியும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள்.

மாற்றிக் கொடுத்தார்கள் என்றால், பாதி வேலை அண்ணன், மீதி வேலை தம்பி. நடுவில்தான் அந்த போன் வந்தது. மூத்தவரின் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். யாருக்கோ ஃபிரேம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தவர், தலை வலிக்கிறது என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே சரிந்தார். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

அதற்குப் பிறகு மூத்தவருக்கு என்ன ஆனது என்றால், ஒன்றும் ஆகவில்லை. அதுதான் விஷயம். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு ஊசி போடுவார்களே, போட்டபின் உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அந்த ஊசியை அவருக்கு உடம்பு முழுக்கப் போட்டுவிட்டது போல இருந்தது. சாப்பாட்டைப் போட்டால் சாப்பிட்டார். குளி என்றால் குளித்தார். வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உச்சுக்கொட்டினால், அவர்கள் விடுகிறவரை கையைக் கொடுத்துவிட்டு நின்றார். வீட்டில் மகள் அழுகிற சத்தம் கதவுக்குப் பின்னால் கேட்கும். போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று தெரியும், போய் உட்காருவார். உட்கார்ந்த இடத்தில் சுவரைப் பார்ப்பார்.

டீச்சர் வண்டியைவிட்டு இறங்கினார். குட்டையான, உரத்த பெண்மணி. இவரும் கையைப் பிடிக்கப் போகிறார் என்று மூத்தவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார். டீச்சர் பிடிக்கவில்லை.

"அண்ணா, வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு. உங்க தம்பிகிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன், வண்டி நடுங்குது, உள்ள ஏதோ ஊளையிடுதுன்னு. பழைய கியர்பாக்ஸ், போகப் போக சரியாயிடும்ங்கறார். கியர்பாக்ஸ் என்ன புதுச் செருப்பா, போகப் போகக் காலுக்குப் பழகறதுக்கு?"

உள்ளே வேறொரு வண்டியின் பானெட்டுக்கு அடியில் தலையை விட்டிருந்த சின்னவர், அந்தத் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுக்கொண்டார்.

"சாவியைக் குடுங்க" என்றார் மூத்தவர். "நீங்களும் வாங்க. எப்போ எப்போ வருதுன்னு காட்டுங்க."

அந்த வண்டியில் இரண்டு பக்கமும் பிரேக் உண்டு, கிளட்ச் உண்டு. மூத்தவர் ஓட்டினார், டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருமுனை திரும்புவதற்குள் டீச்சர் தன் பக்கத்து பிரேக்கை அழுத்திவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க. பழக்க தோஷம். ஆனா நீங்க கண்ணாடி பாக்காமத்தான் திரும்பினீங்க."

"ஆமா" என்றார் மூத்தவர். பார்க்கவில்லைதான்.

பெரிய சாலையில் ஏறி மூன்றாம் கியரில் மிதித்ததும் வந்தது. முதலில் கியர் கம்பியின் குமிழில், உள்ளங்கைக்குள் ஒரு பூச்சி மாட்டிக்கொண்டது போல ஒரு நடுக்கம். அப்புறம் காலடியில். அப்புறம் அந்த ஊளை, உய்ங் என்று மெலிசாக ஆரம்பித்து மிதிக்க மிதிக்க மேலே ஏறியது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இப்ப பேசாதீங்க."

டீச்சரை யாரும் பேசாதே என்று சொல்லி வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். ஆச்சரியத்தில் நிஜமாகவே வாயை மூடிக்கொண்டார்.

நல்ல வேகத்தில் போகும்போதே மூத்தவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, காலை எடுத்தார். வண்டி தன்பாட்டுக்கு உருண்டது. ஊளை இறங்கியது, நடுக்கம் அடங்கியது. வேகம் மட்டும் அப்படியே இருந்தது.

"சக்கரம் இல்ல" என்றார். "சக்கரம், சக்கரத்துக்குப் போற தண்டு, இதுல எதுலயாவது கோளாறுன்னா வேகம் இருக்கற வரைக்கும் நடுங்கும். இது என்ஜின் சுத்துக்குத்தான் நடுங்குது."

ஓரமாக நிறுத்தினார். நின்ற இடத்திலேயே நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வந்தது. நகராத வண்டியில் அதே நடுக்கம், அதே ஊளை. அப்படியே மிதித்த கால் மிதித்தபடி இருக்க, கிளட்சை அழுத்தினார். இரண்டும் சட்டென்று போயின. என்ஜின் மட்டும் சுத்தமாக இரைந்துகொண்டிருந்தது. கிளட்சை விட்டார், வந்தது. அழுத்தினார், போனது.

"மந்திரம் மாதிரி இருக்கே" என்றார் டீச்சர்.

"கிளட்சை அழுத்தினா என்ஜினும் கியர்பாக்ஸும் பிரிஞ்சுடும். பிரிஞ்சு இருக்கறப்ப என்ஜின் நடுங்கல. அப்ப என்ஜின் நல்லாத்தான் இருக்கு, அது உக்காந்திருக்கற ரப்பரும் நல்லா இருக்கு. ரெண்டும் சேர்றப்பதான் தகராறு. ஒண்ணு, கியர்பாக்ஸ் வாசல்ல இருக்கற பேரிங் போயிருக்கணும். இல்ல, ரெண்டும் நேராச் சேரல."

பேசி முடித்த பிறகுதான், இத்தனை நாளில் தான் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியது இப்போதுதான் என்று மூத்தவருக்குப் பட்டது. அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. கைக்கு வேலை தெரிந்திருந்தது, அது பாட்டுக்குச் செய்தது.

பட்டறைக்குத் திரும்பி வந்து சொன்னதும் சின்னவர் முந்திக்கொண்டார். "பேரிங்தாண்ணா. எனக்கு அப்பவே தெரியும். காயலான் கடைக்காரன் ஓட்டைச் சாமானை நம்ம தலையில கட்டிட்டான். இரு, இப்பவே போனைப் போட்டு..."

"இருடா. முதல்ல பாக்கலாம்."

சின்னவர் இருக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். காயலான் கடைக்காரரை அவர் கிழித்த கிழியில் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கியர்பாக்ஸ் பேரிங்குக்கு இத்தனை கோபமா என்று டீச்சருக்கே சங்கடமாகப் போய்விட்டது.

மூத்தவர் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் போய் நின்றார். என்ஜினும் கியர்பாக்ஸும் வாயோடு வாய் சேர்கிற விளிம்பைத் துணியால் துடைத்தார். பிறகு கட்டைவிரல் நகத்தை அந்தச் சேர்மானத்தின் மேல் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். மேல் பக்கம் நகம் வழுக்கிக்கொண்டு போனது. கீழே வந்ததும் தட்டியது. மறுபடி இழுத்தார். மறுபடி அதே இடத்தில் தட்டியது. தாள் மாதிரி மெல்லிய தகடு ஒன்றை எடுத்து இடுக்கில் விட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் போகவே இல்லை. எதிர்ப்பக்கம் வெண்ணெயில் கத்தி மாதிரி போனது.

"டவல் இல்ல" என்றார்.

டீச்சர் மேசைமேல் கிடந்த அழுக்குத் துணியை எடுத்து நீட்டினார். "இந்தாங்க."

"அந்த டவல் இல்ல டீச்சர்."

வேறொரு நாளாக இருந்தால் சின்னவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவர் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றார்.

மூத்தவர் டீச்சருக்கு விளக்கினார். கியர்பாக்ஸ் வாயில் எதிரெதிராக இரண்டு துளை இருக்கும். சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இரண்டு எஃகுக் குழல் அதில் உட்காரும். அதற்குப் பேர்தான் டவல். போல்ட் எத்தனை இறுக்கினாலும் அது பிடிக்க மட்டும்தான் செய்யும், எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று காட்டுவது இந்தக் குழல்தான். அது இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் தன் கனத்தில் ஒரு மயிரிழை கீழே தொங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே சுற்றுகிற தண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் கோணிக்கொண்டு சுற்றும். பேரிங்கைத் தின்னும், கிளட்சைத் தின்னும்.

"அப்ப இத்தனை நாளா நான் அதை வெச்சுக்கிட்டுப் பசங்களை ஓட்ட விட்டிருக்கேன்" என்றார் டீச்சர். அன்றைக்கு வரவேண்டியவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு வகுப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அண்ணனும் தம்பியும் கியர்பாக்ஸை இறக்கினார்கள். எத்தனையோ வருஷம் சேர்ந்து செய்த வேலை. ஸ்பானர் கேட்காமலே கைக்கு வந்தது, ஜாக்கி சொல்லாமலே நகர்ந்தது. கடைசிப் போல்ட்டும் கழன்று வாய் பிரிந்தபோது, என்ஜின் பக்கம் இரண்டு துளை, கியர்பாக்ஸ் பக்கம் இரண்டு துளை, நாலும் காலியாக இருந்தன.

"போட்டதா நினைச்சியா?" என்றார் மூத்தவர்.

சின்னவர் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லண்ணா. காலியா இருக்குன்னு தெரியும். தெரிஞ்சுதான் மாட்டினேன்."

"ஏன்டா?"

"அண்ணியை எடுத்துட்டுப் போய் வந்த மறுநாள். வீடு முழுக்க ஆளுங்க. எனக்கு அங்க உக்கார முடியல. யார்கிட்டயும் சொல்லாம இங்க வந்துட்டேன். இந்த வேலை பாதியில நின்னுச்சு, இதையாவது முடிக்கலாம்னு ஆரம்பிச்சேன். டவலைத் தேடினேன். மேசை, டிரே, தரைன்னு எல்லா இடத்துலயும் தேடினேன். உன்கிட்டதான் இருக்கணும். அந்த நேரத்துல உனக்கு போன் பண்ணி, அண்ணா, டவல் எங்க வெச்சன்னு எப்படிக் கேக்கறது? சொல்லு, எப்படிக் கேக்கறது?"

"அதுக்கு வேலையை நிறுத்தியிருக்கலாம்ல?"

"நிறுத்தியிருக்கலாம்."

"கத்துக்கறவங்க ஓட்டற வண்டி. கிளட்ச் உடைஞ்சு நடுரோட்டுல நின்னிருந்தா?"

"தெரியும்."

"தெரியும்னு சொல்றான் பாரு. தெரிஞ்சுக்கிட்டே அந்தக் காயலான் கடைக்காரனை எதுக்குடா அந்தத் திட்டு திட்டின?"

சின்னவர் கழற்றிய போல்ட் ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். மூத்தவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "உன்மேல எனக்குக் கோபம் வரணும். நியாயமா வரணும். அதுகூட வரமாட்டேங்குது, என்னன்னு தெரியல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

கை கழுவும்போது அந்தப் போன் வந்த நேரத்தை நினைத்துப் பார்த்தார். பல் உடைந்த கியர்பாக்ஸிலிருந்து டவல் இரண்டையும் தட்டிக் கழற்றியது நினைவிருந்தது. உப்புத்தாளில் தேய்த்துத் துருவை எடுத்துக்கொண்டிருந்ததும் நினைவிருந்தது. அதற்கப்புறம் டாக்ஸி. ஆஸ்பத்திரி நடை. ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், பேனாவை வாங்குவதற்காகக் கையிலிருந்த எதையோ இடது கைக்கு மாற்றினார். கையில் என்ன என்று அப்போது பார்க்கவில்லை. குளிர்ந்து, கனமாக, வழவழப்பாக இருந்தது. பேன்ட் பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும்.

மத்தியானம் வீட்டுக்குப் போனார். கல்லூரி இன்னும் திறக்கவில்லை, மகள் வீட்டில்தான் இருந்தாள். துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா இருந்தவரை அவள் துணி மடித்து யாரும் பார்த்ததில்லை. சட்டைக் கைகளை உள்ளே மடிக்காமல் விட்டுவிட்டுத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் போட்டிருந்த பேன்ட்டு..." என்று ஆரம்பித்தார் மூத்தவர்.

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "துவைச்சுட்டேனே."

"பாக்கெட்டுல ஏதாவது இருந்துச்சா?"

மகள் மடித்த சட்டையைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். ஒரு சின்ன பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து கட்டிலில் வைத்து மூடியைக் கழற்றினாள். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த சாமான்களை அதில்தான் வைத்திருந்தாள். அம்மாவின் கைக்கடிகாரம். மோதிரம். தோடு. பல் உடைந்த ஒரு தலை கிளிப். அதற்குப் பக்கத்தில் பஞ்சில் பொதிந்த ஒரு பொட்டலம். பஞ்சைப் பிரித்துக் காட்டினாள். எஃகுக் குழல் இரண்டும் பளபளவென்று கிடந்தன.

"இதானேப்பா? ஆஸ்பத்திரியில உங்க கையில குடுத்ததுன்னு நினைச்சேன். அம்மாவுக்கு உள்ள வெக்கறதுக்கு எடுத்துட்டு, அப்புறம் வெக்காம குடுத்துட்டாங்களோன்னு. இல்ல, உள்ள இருந்து எடுத்ததோன்னு. உங்ககிட்ட கேக்கவும் பயமா இருந்துச்சு. போட்டோ எடுத்து நெட்ல கூடத் தேடிப் பாத்தேன். ஒண்ணுமே வரல." குழல் ஒன்றை விரலால் நீவினாள். "நடுவுல கறுக்க ஆரம்பிச்சுது. தேங்காய் எண்ணெய் தடவி வெச்சேன்."

மூத்தவர் ஒன்றைக் கையில் எடுத்தார். துரு ஒரு பொட்டுகூட இல்லை. இரும்புச் சாமானை இதைவிட ஒழுங்காக அவருடைய பட்டறையில்கூட யாரும் வைத்ததில்லை.

எப்படிச் சொல்வது என்று யோசித்தார். யோசிக்கிறதுக்கும் தெம்பு வேண்டியிருந்தது. அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"இது டீச்சர் வண்டியோட கியர்பாக்ஸ் சாமான்மா."

மகள் அவரைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். தன் அம்மாவின் மோதிரத்துக்குப் பக்கத்தில் பஞ்சு மெத்தையில் படுத்திருந்த இன்னொரு குழலைப் பார்த்தாள். அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறாள் என்று மூத்தவர் நினைத்தார். அவள் சிரித்தாள். முதலில் மூக்கு வழியாக ஒரு சிரிப்பு, அப்புறம் அடக்கமாட்டாமல். கட்டிலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தினமும் எடுத்துப் பாப்பேன்பா. கியர்பாக்ஸ் சாமானை. கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"நல்ல சாமான்தான்" என்றார் மூத்தவர்.

அதற்கு இன்னும் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று சொல்ல முடியாது, மாறிவிட்டிருந்தது. மூத்தவர் கீழே இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டாள். தோள் நனைவது தெரிந்தது, தெரிந்ததோடு சரி.

"அப்பா, நீங்க ஏன் அழவே மாட்டேங்கறீங்க?"

"வரலைம்மா."

"வரலைன்னா?"

"வரல. அவ்வளவுதான். பிடிச்சு வெச்சிருக்கேன்னு நினைக்காத. தேடிப் பாத்தேன், அங்க ஒண்ணும் இல்ல."

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு." சொன்ன பிறகு, அது உண்மையா என்று ஒருமுறை தனக்குள் பார்த்துக்கொண்டார். உண்மை மாதிரிதான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழல் இரண்டையும் பஞ்சோடு எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"வேணும்னா வெச்சுக்கோ" என்றார். "காயலான் கடையில வேற ஜோடி கிடைக்கும்."

"ச்சீ, அடுத்தவங்க வண்டி சாமானை நான் எதுக்கு வெச்சுக்கணும்?" என்றாள் மகள். பிறகு, "அம்மா இருந்திருந்தா உங்களை இன்னைக்கு உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாங்க. பாக்கெட்டைப் பாக்காம துணியைப் போடாதீங்க, இது வாஷிங் மிஷினா இல்ல பட்டறையான்னு. கத்திக்கிட்டே நட்டு போல்ட்டெல்லாம் பொறுக்கி ஜன்னல்ல வெப்பாங்க."

ஜன்னலில் இப்போது ஒன்றும் இல்லை. வந்தவர்கள் யாரோ துடைத்து வைத்துவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் வேலை ஆரம்பித்தார்கள். கியர்பாக்ஸைத் திறந்து வாசல் பேரிங்கை வெளியே எடுத்தார் மூத்தவர். விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தால் மணலில் உருள்வது போல நெறுநெறுத்தது. காயலான் கடையிலிருந்து வந்தபோது அது நன்றாக இருந்தது. அன்றைக்கே சுற்றிப் பார்த்து எடுத்தவர் அவர்தான். கோணலாக ஓடியதில் போனது. சின்னவர் புதுப் பேரிங் வாங்கி வந்தார், கிளட்ச் தட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததால் அதையும் வாங்கி வந்தார். எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தார்.

டவல் இரண்டையும் மூத்தவர் துளையில் வைத்து, மரக்கட்டை கொடுத்துத் தட்டினார். தேங்காய் எண்ணெய் வாசனை லேசாக வந்தது. கியர்பாக்ஸை ஜாக்கியில் ஏற்றி இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். கொஞ்சம் முரண்டு பிடித்தது. சின்னவர் அடியில் முட்டுக்கொடுத்து ஒரு மயிரிழை தூக்கினார். டக் என்று ஒரு சத்தம், வாயோடு வாய் போய் உட்கார்ந்தது. போல்ட் ஒன்றுகூட இன்னும் போடவில்லை. அதற்குள்ளேயே ஆடாமல் நின்றது.

விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லித் தம்பிக்கு நகர்ந்து இடம் கொடுத்தார் மூத்தவர். சின்னவர் ஓட்டிப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை. விரலை எடுக்காமல் அங்கேயே நின்றார். அவர் தோள் குலுங்குவதை மூத்தவர் பின்னாலிருந்து பார்த்தார். அண்ணி கல்யாணமாகி வீட்டுக்கு வந்தபோது சின்னவர் டவுசர் போட்ட பையன். அவர் சைக்கிள் பழகப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது, அவருக்குப் பெண் பார்க்கப் போனது, கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனபோது திட்டித் திரும்பக் கூட்டிவந்தது, எல்லாம் அண்ணிதான்.

மூத்தவர் போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொண்டுவந்து கொடுத்தார். சின்னவர் குடித்தார். பிறகு இருவரும் போல்ட்டுகளை இறுக்கினார்கள்.

டீச்சர் வந்ததும் மறுபடி அதே சாலைக்குப் போனார்கள். மூன்றாம் கியர். மூத்தவர் மிதித்தார். குமிழில் ஒன்றுமில்லை, காலடியில் ஒன்றுமில்லை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தார்.

"இன்னும் லேசா ஒரு முனகல் இருக்கே?"

"இருக்கும். அது கியர்பாக்ஸோட வயசு. பல் தேய்ஞ்சிருக்கு. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. எண்ணெய் மாத்தினா கொஞ்சம் குறையும்."

"இது பரவால்ல. எனக்கும் மாடி ஏறினா இப்படித்தான் சத்தம் வருது." திரும்பி வரும்போது தெருமுனையில் அவர் பிரேக்கை அழுத்தவில்லை. இறங்கும்போது, "நான் ஒண்ணுமே விசாரிக்கலைன்னு நினைச்சுக்காதீங்க அண்ணா" என்றார். "எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது."

"விசாரிக்காம வந்தது நீங்க ஒருத்தர்தான் டீச்சர். நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் போன பிறகு மூத்தவர் தம்பியிடம் சொன்னார்: "வண்டியை எடு. அந்த மனுஷன்கிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடலாம்."

"போன்ல சொல்லிக்கறேன்ணா."

"திட்டினது ஊருக்கே கேட்டுச்சு. மன்னிப்பு மட்டும் காதும் காதும் வெச்ச மாதிரியா? எடு."

காயலான் கடை ஊருக்கு வெளியே இருந்தது. கழற்றிய கதவுகளும் டயர்களும் மலையாகக் குவிந்து கிடந்த இடத்தில், கடைக்காரர் ஒரு வண்டியின் பின் சீட்டைத் தரையில் போட்டு அதில் ராஜா மாதிரி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சின்னவரைப் பார்த்ததும் பேப்பரை இன்னும் உயர்த்திக்கொண்டார்.

சின்னவர் மென்று முழுங்கினார். கியர்பாக்ஸில் தப்பில்லை, மாட்டினதில்தான் தப்பு, மாட்டினது நான்தான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

பேப்பர் மெதுவாக இறங்கியது. "இன்னொரு தடவை சொல்லு."

"அதான் சொன்னேனே."

"கியர்பாக்ஸ் நல்லா இருக்குன்னு சொன்னியே, அதை மட்டும் சொல்லு. இந்தத் தொழிலுக்கு வந்து நான் கேக்கற முதல் நல்ல வார்த்தை. இதைக் கேக்க என் வீட்டுக்காரி பக்கத்துல இல்லாமப் போயிட்டா." பிறகு அவர் மூத்தவரைப் பார்த்தார். நாக்கில் வந்த அடுத்த வேடிக்கையை விழுங்கிக்கொண்டார். எழுந்து நின்று, பின் சீட்டில் இடம் காட்டி, "உக்காருங்க" என்றார். மூவரும் அந்தச் சீட்டில் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

திரும்பும்போது சின்னவர் ஓட்டினார். வெயில் பக்கவாட்டில் விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஏதோ கேட்டார், அண்ணனிடமிருந்து பதிலே வரவில்லை என்று திரும்பிப் பார்த்தார். மூத்தவர் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி போனதிலிருந்து அவர் கண்ணசந்து யாரும் பார்க்கவில்லை. கட்டிலில் படுப்பார், அவ்வளவுதான் என்று மகள் சொல்லியிருந்தாள்.

பட்டறைத் தெரு வந்தது. சின்னவர் திரும்பவில்லை. வேகத்தடை வந்த இடங்களில் பூனை மாதிரி ஏறி இறங்கி, நேரே போய், ரயில் பாலத்துக்கு அடியில் வளைந்து, மார்க்கெட்டைச் சுற்றி, மறுபடி அதே சாலைக்கு வந்தார். மறுபடி பட்டறைத் தெருவைத் தாண்டினார். யாரோ பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். போகட்டும் என்று ஒதுங்கி வழிவிட்டார்.

மார்க்கெட் பக்கம் திரும்பவும் வந்தபோது மூத்தவர் கண்ணைத் திறந்தார். வெளியே பார்த்தார். நேராக உட்கார்ந்தார்.

"எங்கடா போற?"

"எங்கயும் இல்லண்ணா. சும்மா."

"சும்மாவா? டீசலென்ன தண்ணியா, சும்மா ஊரைச் சுத்தறதுக்கு? அறிவு இருக்கா உனக்கு? அங்க பட்டறையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கோம்!"

நிஜமான எரிச்சல். சின்னவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிண்ணா, சரிண்ணா" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். மூத்தவர் பட்டறை வாசல் வருகிறவரை திட்டிக்கொண்டே வந்தார்.